பதின்மூன்றாம் தேதி வண்டி

"நேத்து என் வண்டி ரத்துன்னு சொன்னது இந்த ஆபீஸ்தானே?"

கவுன்ட்டர் கம்பிக்குள் ஒரு கை நுழைந்து, மடித்த காகிதம் ஒன்றை மேசைமேல் வைத்தது. காலை மணி ஏழே முக்கால். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

விசாரணை கவுன்ட்டரில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளை ரயில் நிலையத்தில் எல்லோரும் 'விசாரணை' என்றே கூப்பிடுவார்கள். வெள்ளம் வந்து இரண்டு நாளாக, "வண்டி எப்போ?" என்ற ஒரே கேள்விக்கு ஆயிரம் தடவையாவது பதில் சொல்லியிருப்பார். ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. உயர்த்துவதற்கென்றே பக்கத்து அறையில் சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர் இருந்தார். ஒலிபெருக்கி அறிவிப்பாளரான அவருக்கு 'குரல்' என்று பெயர். வயது நாற்பத்தைந்து. மேசை இழுப்பறை நிறையத் துப்பறியும் நாவல்கள். ஒருநாளாவது ஒரு மர்மம் தன் காலடியில் வந்து விழாதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பவர்.

விசாரணை காகிதத்தைப் பிரித்தார். நீல மையில், கொட்டை கொட்டையான எழுத்து. 'வெள்ளம் காரணமாக 13ஆம் தேதி வண்டி ரத்து. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம்.'

"இது நாங்க கொடுத்தது இல்லம்மா. வீடு வீடா சீட்டு கொடுக்க இங்க ஆள் ஏது?"

"அப்ப யார் கொடுத்தா?" அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள். "நேத்து சாயங்காலம் நாலு பத்து வண்டியில நான் போகணும். இந்தச் சீட்டைப் பார்த்துட்டு வீட்டிலயே உட்கார்ந்துட்டேன். ராத்திரி போன் வேலை செய்ய ஆரம்பிச்சதும் அதே வண்டியில போன என் ஃப்ரெண்டோட மெசேஜ் வருது. 'ஏன் வரல, உன் சீட் காலியா கிடக்கு'ன்னு. வண்டி ஓடியிருக்கு மேடம்! நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள ஆஸ்பத்திரி லேப்ல நான் வேலைக்குச் சேரணும். சேரலன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. ரெண்டு வருஷமா படிச்சுப் படிச்சு வாங்கின வேலை."

"இன்னிக்கு அந்த வண்டி நிஜமாவே ரத்து," என்றார் விசாரணை மெதுவாக.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துக் கத்தினார். "அம்மா, போர்டுல பதினாலாம் தேதி வண்டி ரத்துன்னு எழுதியிருக்கீங்க. என் டிக்கெட்ல பதினஞ்சு. நான் போகலாம்ல?"

"போக முடியாதுங்க. நாங்க வண்டி கிளம்பின தேதியைத்தான் எழுதுவோம். அது முந்தின நாள் ராத்திரி புறப்படுற ஊர்ல கிளம்பி, மறுநாள்தான் இங்க வரும். இன்னிக்கு வர வேண்டிய உங்க வண்டிதான் ரத்து."

"பதினஞ்சாம் தேதி வர்ற வண்டிக்குப் பேரு பதினாலா? நல்லா இருக்குது உங்க கணக்கு!" பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

குரல் தன் அறையிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அக்கா, எட்டு மணிக்கு நம்ம ரெண்டு பேருக்கும் ட்யூட்டி முடியுது," என்றார்.

விசாரணை அந்தப் பெண்ணைப் பார்த்தார். இரண்டு நாளில் எத்தனையோ பேருடைய பயணம் கெட்டது. அதற்கெல்லாம் காரணம் மழை. இவளுடையதை மட்டும் ஒரு மனுஷக் கை கெடுத்திருந்தது. யார் அது, எதற்காக என்று தெரியாமல் வீட்டுக்குப் போனால் அவருக்குத் தூக்கம் வராது.

"உன் வீடு எங்கம்மா?"

வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நடந்தால் பத்து நிமிஷம். நேற்று சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் நின்றதால் யாராலும் கடக்க முடியவில்லை. இன்று முழங்கால் அளவு. குரல் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். கேள்விகளை அவரே கேட்டார்.

"சீட்டை முதல்ல பார்த்தது யாரு?"

"அண்ணி. ஒரு மணி இருக்கும். வாசல் கதவுக் கம்பியில செருகியிருந்துச்சு. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் ஸ்டேஷன்ல விசாரிச்சுட்டு வரேன்னு காலையில சுத்துவழியா போனாரு. அவர்தான் வெச்சுட்டுப் போயிருக்காருன்னு நெனச்சோம். கேட்டா, 'ஆட்டோ பாதி வழியில தண்ணியில நின்னுடுச்சு, நான் ஸ்டேஷனுக்கே போகல'ங்கிறாரு."

"தேதி தப்பா இருக்கேன்னு தோணலையா?" என்றார் விசாரணை.

"அவசரத்துல தப்பா எழுதியிருப்பாங்கன்னு விட்டுட்டேன். ரத்துன்னு பார்த்ததும் வேற எதுவும் கண்ணுல படல மேடம்." சிறிது தயங்கி, "ஒண்ணு சொல்லணும். லிஸ்ட்ல எனக்கு அடுத்த பேரு அந்த ஆட்டோக்காரரோட பொண்ணு," என்றாள்.

குரல் தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டார். "முடிஞ்சுது! ஆள் அகப்பட்டாச்சு!"

"முதல்ல கரை ஏறுங்க," என்றார் விசாரணை.

சின்ன வீடு. வாசல் கதவுக்குமேல் கூரை நீட்டம் எதுவும் இல்லை. கதவடியில் ஈரச் சாக்குகள் அடுக்கியிருந்தன. கதவின் கீழ்ப்பாதி தகரம், மேல்பாதி வெறும் கம்பி. விசாரணை அந்தக் கம்பியை விரலால் தடவிப் பார்த்தார். சாக்கைப் பிழிந்துகொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தார். பள்ளிக்கூட ஆசிரியை. கணவனுக்கு வெளியூரில் வேலை. வீடு, மாமனார், பள்ளிக்கூடம் மூன்றும் அவர் தலையில்.

"நேத்து மழை எப்படிம்மா?"

"அதை ஏன் கேக்குறீங்க. பதினோரு மணியில இருந்து ரெண்டு மணிவரைக்கும் விடவே இல்ல. சாரல் நேரா இந்தக் கதவு மேலதான். அரை மணிக்கு ஒரு தடவை சாக்கு மாத்தியே என் இடுப்பு போச்சு. அப்படி மாத்த வந்தப்பதான் சீட்டைப் பார்த்தேன்."

உள்ளே ஜன்னலோரம் நாற்காலியில் அந்தப் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். வந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். இருந்த இன்னொரு நாற்காலியை விசாரணைக்குக் கொடுத்தார்கள். வேறு இடம் இல்லாமல், சுவரோரம் இருந்த கறுப்பு இரும்புப் பெட்டிமேல் குரல் அமர்ந்தார். அதன் மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் ஏதோ எழுதிப் பாதி அழிந்திருந்தது. விசாரணையின் கண் அந்தப் பெட்டியில் சற்று நேரம் நின்றது. பிறகு ஆட்டோக்காரரையும் கூப்பிடச் சொன்னார்.

ஆட்டோக்காரர் வந்ததும் வராததுமாகப் பொரிந்து தள்ளினார். "எனக்குத் தெரியும், என்மேலதான் பழி வரும்னு! என் பொண்ணுக்கு வேலை கிடைச்சா சந்தோஷம்தான், இல்லன்னு சொல்லல. அதுக்காக இந்தப் புள்ளையோட பொழப்புல மண்ணைப் போடுவேனா? நான் தூக்கி வளர்த்த புள்ளைங்க இது!"

"தூக்கி வளர்த்தவங்களும் தள்ளிவிட்டது உண்டு," என்றார் குரல், ஒலிபெருக்கியில் பேசுவதுபோல.

"நீங்க சும்மா இருங்க," என்றார் விசாரணை. காகிதத்தைப் பிரித்து எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார். "இதை நல்லாப் பாருங்க. நீல மை, தண்ணி பட்டா கலைஞ்சு ஓடுற மை. ஒரு எழுத்தாவது கலைஞ்சிருக்கா? மூணு மணி நேரம் கொட்டின மழையில ஒருத்தர் வெளியில இருந்து கொண்டுவந்து, சாரல் அடிக்கிற கம்பியில செருகியிருந்தா, அஞ்சு நிமிஷத்துல இது கூழாகியிருக்கும். அண்ணி சாக்கு மாத்த வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, உள்ளே இருந்து செருகின காகிதம் இது."

ஆட்டோக்காரர் பெருமூச்சு விட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அப்படின்னா..." குரலின் தலை மெல்ல அண்ணியின் பக்கம் திரும்பியது. "நாத்தனார் போயிட்டா எல்லா வேலையும் ஒரே ஆள் தலையில..."

"ஏன் நிறுத்திட்டீங்க, சொல்லுங்க!" அண்ணி இடுப்பில் கை வைத்தார். "ஒரு வீட்டுல எது கெட்டாலும் அண்ணிதானே? இவ துணியெல்லாம் இஸ்திரி போட்டுப் பெட்டியில அடுக்கினது யாரு? இவ அங்க தங்க ரூம் பேசி வெச்சது யாரு? போகக் கூடாதுன்னு நெனச்சா, அப்பவே வாயை மூடிட்டு இருந்திருப்பேனே!"

"அவங்க இல்ல," என்றார் விசாரணை. "அவங்க எழுதியிருந்தா பதினாலுன்னு எழுதியிருப்பாங்க."

யாருக்கும் புரியவில்லை.

"பயணம் நேத்து, பதினாலாம் தேதி. டிக்கெட்டுல இருக்கிறதும் பதினாலு. பொய்ச் சீட்டு எழுதுற யாரா இருந்தாலும் பதினாலாம் தேதி வண்டி ரத்துன்னுதான் எழுதுவாங்க. இதுல பதிமூணுன்னு இருக்கு. ஸ்டேஷன் போர்டைப் பார்த்து எழுதினதா? இல்ல. அந்தப் போர்டை எழுதினது நானு. நேத்து அதுல ரத்துன்னு போட்டதெல்லாம் பதினாலாம் தேதி கிளம்ப வேண்டிய வண்டிங்க. பதிமூணாம் தேதி கிளம்பினது எல்லாம் வந்து சேர்ந்துடுச்சு. அதனால எங்கேயும் பார்த்து எழுதல. எழுதினவரோட மனசுலயே, நேத்து சாயங்காலம் இங்க வர்ற வண்டிக்குப் பேரு பதிமூணாம் தேதி வண்டி. அது கிளம்பின தேதி. காலையில ஒரு பெரியவர் என்னைத் திட்டினாரே, அந்தக் கணக்கு. வெளியாளுங்களுக்கு அது பைத்தியக்காரத்தனம். ரயில்வேயில ஆயுசு முழுக்க இருந்தவங்களுக்கு அதுதான் தேதி."

குரல் மெதுவாக எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்தார். ரயிலின் கடைசிப் பெட்டியில் போகும் ஒவ்வொரு கார்டும் பணிக்காலம் முழுவதும் தன்னோடு கொண்டுபோகும் பெட்டி அது. கொடி, விளக்கு, ஆபத்தில் தண்டவாளத்தில் வைக்கும் எச்சரிக்கை வெடி எல்லாம் அதில்தான் இருக்கும். தினமும் பிளாட்பாரத்தில் பார்க்கிற சாமான்மேல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தும் தனக்குத் தோன்றவில்லையே என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

"எத்தனை வருஷ சர்வீஸ் ஐயா?" என்றார் விசாரணை.

"முப்பத்தாறு," என்றார் அப்பா.

மகள் அவரையே பார்த்தாள். "அப்பா?"

அவர் கைகளை மடியில் கோத்துக்கொண்டார். "நீ பொறந்த வருஷம் இதே மாதிரி மழை. பாலத்துக்கு இந்தப் பக்கம் என் வண்டியை நிறுத்திட்டாங்க. எனக்கு முன்னாடி போன வண்டி நிக்கல. அதுல கார்டு என் சிநேகிதன். விடியுற வரைக்கும் கையில விளக்கோட கரையில நடந்தேன். அன்னிக்குப் பார்த்ததை இதுவரைக்கும் வீட்டுல சொன்னதில்ல. இப்பவும் சொல்ல மாட்டேன்." கோத்த கைகளைப் பிரித்தார். "நேத்து காலையில எல்லா வண்டியும் ரத்தாகணும்னு வேண்டிக்கிட்டேன். ரத்துன்னு எந்தச் சேதியும் வரல. அதான் நானே ரத்து பண்ணிட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா. வாயைத் திறந்து பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே! ரெண்டு வருஷம்ப்பா!" அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அண்ணி அவளை அணைத்துக்கொண்டார். மாமனாரைப் பார்க்கவில்லை.

விசாரணை தன் நாற்காலியை அப்பாவின் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, நேத்து அந்த வண்டி பாலத்தை நடக்கிற வேகத்துல தாண்டுச்சு. தண்டவாளத்துல ஆள் முன்னாடி நடந்து பார்த்துப் பார்த்துதான் விட்டாங்க. நீங்க பார்த்த விபத்துக்கு அப்புறம் வந்த விதி அது. இப்ப மணி ஒன்பது. நாளைக்குக் காலையில பத்துக்குள்ள இவ போய்ச் சேர ஒரு வழி வேணும். என் டைம் டேபிள்ல வழி இல்ல, நான் பார்த்துட்டேன். ஆனா எந்த வண்டி எங்க நிக்கும்னு டைம் டேபிள் எல்லாத்தையும் சொல்லாதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். அவர் வாயைத் திறக்காவிட்டால் அங்கே யாராலும் எதுவும் செய்ய முடியாது. நேற்று எழுதிய பொய்யை இன்று வெறும் மௌனத்தாலேயே நிலைநிறுத்திவிடலாம். அந்த அறையில் இருந்த மற்ற ஐந்து பேருக்கும் அது புரிந்தது.

"பதினொண்ணு நாப்பது பாசஞ்சர் ஓடுதா?" என்று கடைசியில் கேட்டார்.

"ஓடுது. மேற்கு லைன்ல தண்ணி இல்ல."

"அது சாயங்காலம் அஞ்சுக்கு ஜங்ஷன் போகும். ஆறரைக்கு அங்க மேற்கு எக்ஸ்பிரஸ் வரும். புத்தகத்துல அதுக்கு அந்த ஊர்ல ஸ்டாப்பிங் கிடையாது. ஆனா டிரைவரும் கார்டும் மாறுறதுக்கு எட்டு நிமிஷம் நிக்கும். மூணாவது லைன்ல. கடைசி ரெண்டு பெட்டி ரிசர்வ் இல்லாதது." மகளை நிமிர்ந்து பார்த்தார். "காலையில ஏழரைக்கு நீ அங்க இருப்ப. ஆனா எந்தப் பக்கம் போனாலும் ஆத்தைத் தாண்டித்தான் ஆகணும். நானும் கூட வரட்டுமா?"

"வேணாம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபம் போகவில்லை. ஆனாலும் தன் துணிப்பெட்டியைத் தூக்கியவள் நின்று திரும்பினாள். "பாலம் தாண்டினதும் போன் பண்றேன். எடுங்க."

பாசஞ்சர் நேரத்துக்குக் கிளம்பியது. பிளாட்பாரத்தில் அப்பா நிற்கவில்லை, அவரால் முடியவில்லை. குரல் தூங்காமல் உட்கார்ந்திருந்து, அந்த வண்டியின் அறிவிப்பைத் தன் வாயாலேயே சொன்னார். சாயங்காலம் நாலே காலுக்கு அந்த வீட்டில் போன் அடித்தது என்றும், மாமனார் பேச முடியாமல் போனைத் தன்னிடம் கொடுத்துவிட்டார் என்றும் அண்ணி பிறகு சொன்னார்.

மறுநாள் காலை கவுன்ட்டரில் அதே கூட்டம், அதே கேள்வி. விசாரணைக்கும் குரலுக்கும் அன்று இரட்டை ட்யூட்டி. பத்தரை மணிக்கு வரிசையில் நாற்பது பேருக்குப் பின்னால் ஒல்லியான ஒரு மனிதர் வந்து நின்றார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. குரல் பார்த்துவிட்டு முன்னால் வரச் சொல்லிச் சைகை காட்டினார். அவர் வரவில்லை. ஒரு மணி நேரம் நின்று, தன் முறை வந்ததும் கம்பிக்கு அருகே குனிந்தார்.

"எந்த வண்டி ஐயா?" என்றார் விசாரணை, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஒண்ணும் கேக்க வரலைம்மா. சொல்ல வந்தேன். ஒன்பது அம்பதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டா."

மூன்று நாளில் அந்த கவுன்ட்டருக்குத் தகவல் சொல்ல வந்தவர் அவர் ஒருவர்தான்.