மஞ்சள் போர்வையின் கடைசிச் சுற்று

கர்ப்பமாயிருந்த மகளுக்கு ஏழு மாதம் முடிந்த மறுநாள் நான் அவளுடைய வாடகை வீட்டில் போய் இறங்கினேன். இரண்டு பெட்டி, ஒரு தலையணை (வேறு தலையணை என் கழுத்துக்குச் சரிப்படாது), அப்புறம் என் குரோஷா பின்னல் பை. பையைத் தூக்கிப் பார்த்த மருமகன் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"என்ன அத்தை, முழுக்க நூலா? பொறக்கப் போறது ஒரு குழந்தைதான், ஒரு பள்ளிக்கூடம் இல்ல."

"உங்களுக்கும் ஒரு தொப்பி போட்டுத் தர்றேன் மாப்பிள்ளை. உச்சியில காத்தோட்டம் அதிகமாயிட்டே வருது."

சிரிப்பெல்லாம் வாசலோடு சரி. உள்ளே மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை கருவை இழந்தவள். இந்த முறை டாக்டர் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். மதியம் சாப்பிட்டதும் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக் குழந்தையின் அசைவை எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு. குறைந்தால் உடனே ஆஸ்பத்திரி. அதனால் அந்த வீட்டில் மதியம் என்றாலே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருப்போம்.

படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் என் பெட்டியை வைக்கப் போனபோது ஒரு துணிப்பை கையில் தட்டியது. உள்ளே பாதி போட்ட குழந்தைப் போர்வை, நடுவிலிருந்து வட்டமாக விரியும் வகை. நல்ல மஞ்சள் உல்லன். ஊசிகூடக் கடைசிக் கண்ணியில் மாட்டியபடியே இருந்தது. லேசாக ஆஸ்பத்திரி மருந்துத் தண்ணீர் வாடை.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது, போட்டவள் இடது கைக்காரி. நான் போட்டால் வட்டம் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். இது முள்ளோடு சேர்ந்து சுற்றியது. அவள் விட்ட இடத்திலிருந்து நான் தொடர முடியாது, கண்ணியெல்லாம் எதிரும் புதிருமாகச் சாயும். யாரோ மறந்து விட்டுப்போனது, நூல் வீணாவானேன் என்று முழுவதையும் பிரித்துக் கண்டாகச் சுற்றினேன்.

யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதே நூலில் என் கையால் புதிதாகத் தொடங்கினேன். கண்டு தரையில் ஓடாமல் இருக்க ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுக்கொள்வது என் வழக்கம். இரண்டு நாளில் பன்னிரண்டு சுற்று ஆனது. ஜன்னலோர நாற்காலியில் வைத்துவிட்டு, மகளோடு நானும் மதியம் கண்ணயர்ந்தேன்.

எழுந்து எடுத்தபோது பதினான்கு சுற்று இருந்தது.

கடைசி இரண்டும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"ஏன்டி, நீயா போட்ட?"

"நானா? சட்டைப் பட்டன் பிஞ்சா பின் குத்திட்டுப் போறவ நானு. உனக்கு வயசாகுதும்மா."

வயதாகிறதுதான். ஆனால் நாற்பது வருஷமாகப் போடுகிற கை திசை மறக்குமா? இரண்டு சுற்றையும் இழுத்துப் பிரித்தேன். அன்று பத்து அசைவு எண்ண, இரண்டு மணி நேரம் முழுசாகப் பிடித்தது.

மறுநாள் மூன்று சுற்று கூடியிருந்தது. பிரித்தேன். குழந்தை நான்கு முறைதான் அசைந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வயிற்றில் பட்டையைக் கட்டி இதயத் துடிப்பைக் கேட்டார்கள். துடிப்பு நன்றாக இருக்கிறது, மறுபடியும் குறைந்தால் நேரம் பார்க்காமல் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்ததும் மாடிக்குப் போய் வீட்டுக்காரம்மாவைப் பிடித்தேன்.

"இதுக்கு முன்னாடி இங்க யாரும்மா இருந்தது?"

அவர் கதவைப் பாதி சாத்திக்கொண்டார். "ஒரு புருஷன் பொண்டாட்டி. ஏன் கேக்கறீங்க?"

"அந்தப் பொண்ணு நூல் வேலை செய்யுமா?"

"ஜன்னல்கிட்ட நாற்காலியப் போட்டு எந்நேரமும் அதேதான். எழுதறது, திங்கறது தவிர மத்ததெல்லாம் இடது கையாலதான் பண்ணுவா." குரலைத் தாழ்த்தினார். "எட்டாம் மாசம். வயித்துல அசையலன்னு மதியம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தாயும் சரி, பிள்ளையும் சரி, திரும்பி வரல. கையில இருந்த வேலையக்கூட விடாம எடுத்துட்டுப் போனாளாம். அந்தப் பைய புருஷன் திரும்பக் கொண்டுவந்து அலமாரியில வச்சிட்டுப் போயிட்டான்."

படியிறங்கி வந்தேன். மகளிடம் மூச்சு விடவில்லை.

மூன்றாம் நாள் மருமகன் வேலைக்குப் போயிருந்தார். மதியம் மகள் இடப்பக்கமாகப் படுத்திருந்தாள். நான் தூங்குவதில்லை என்ற முடிவோடு உட்கார்ந்திருந்தேன். கட்டில் பக்கம் திரும்பி அவள் போர்த்தியிருந்த துணியைச் சரிசெய்தேன், அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட இருக்காது. நாற்காலியில் இருந்த போர்வையில் ஐந்து சுற்று கூடியிருந்தது.

பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். என் பேரப்பிள்ளைக்குப் போடுவதில் உனக்கு என்ன வேலை என்று நூலைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா..."

"என்னடி?"

"உள்ள... யாரோ நூலப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும்மா."

கை அப்படியே நின்றது.

"இப்ப?"

"இப்ப இல்ல." வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். முகம் வெளுத்தது. "இப்ப ஒண்ணுமே இல்லம்மா. அசைவே இல்ல."

மருமகனுக்குப் போன் போட்டேன். வண்டியோடு வருகிறேன், கால் மணி நேரம் என்றார்.

அறை முழுக்க அந்த மருந்துத் தண்ணீர் வாடை.

பிரிந்து தொங்கிய நூலின் கடைசிக் கண்ணியைத் தேடி எடுத்தேன். ஊசியை மாட்டினேன். என் பக்கமாக இல்லை, அவள் பிடிக்கிற பக்கமாக. போர்வையை நாற்காலியில் வைத்தேன். கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"தாயே," என்றேன் மெதுவாக. "தெரியாமப் பிரிச்சிட்டேன். நீயே போடும்மா. இவளுக்காகப் போடு."

சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டேன். பார்க்கத் தைரியமில்லை.

ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு கிண்ணத்தில் நூல்கண்டு உருண்டது.

டிங்.

நாற்காலி மெல்ல முனகியது, ஆள் உட்கார்ந்தால் முனகுவது போல.

டிங்.

"அம்மா!" மகள் என் கையைப் பிடித்தாள். "உதைக்குதும்மா."

டிங்.

"ரெண்டு."

டிங்.

"மூணு."

கிண்ணம் ஒவ்வொரு முறை ஒலித்ததும் அவள் ஒரு எண் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு, அழுதுகொண்டே எண்ணினாள். சத்தத்தை அவள் கேட்டாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. வண்டி வந்து நின்றபோது முப்பத்தொன்று.

அதற்குப் பிறகு நான் அந்தப் போர்வையில் ஒரு கண்ணிகூடப் போடவில்லை. தினமும் மதியம் நாற்காலியில் வைப்பேன், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். பேத்தி நாள் முடிந்து, சுகப்பிரசவத்தில், வீடே அதிரும்படி அழுதுகொண்டு பிறந்தாள். "குரல் அத்தையோடது," என்றார் மருமகன்.

பிறந்த அன்று போர்வை முடிந்துவிடும் என்று நினைத்தேன். வேலை முடிந்தால் நூலை வெட்டி, கடைசிக் கண்ணியின் வழியே இழுத்து இறுக்கிவிடுவோம். அவள் இறுக்கவில்லை. கண்ணி திறந்தே இருந்தது, ஊசியும் அதிலேயே இருந்தது. யாராவது தவறி இழுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும். வேறு வீட்டுக்கு மாறியபோது போர்வையையும் கிண்ணத்தையும் என் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். குழந்தை பிறந்த தேதி வந்தால் மாதம் தவறாமல் ஒரு சுற்று கூடும். பதினொரு மாதம், பதினொரு சுற்று.

பதினோராவதோடு நூல் தீர்ந்துவிட்டது.

அதே மஞ்சளைத் தேடி எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமா? போன வாரம்தான் கிட்டத்தட்ட அதே நிறத்தில் ஒரு கண்டு வாங்கி வந்து முடிச்சுப் போட்டு வைத்தேன். மறுநாள் காலை முடிச்சு அவிழ்ந்திருந்தது. புதுக் கண்டு மேஜை மேல் இருந்தது. அன்றைக்கே குழந்தைக்குக் காய்ச்சல். இரண்டு நாள் விடவில்லை. பால் குடிக்கவில்லை, கண்ணைத் திறக்கவில்லை. மகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் போர்வை வைத்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அவளுக்கு முதல் பிறந்தநாள். மதியம் காய்ச்சல் விட்டு, எழுந்து உட்கார்ந்து பால் கேட்டு ஒரே ரகளை.

ஓடிப்போய்ப் போர்வையை எடுத்தேன். ஓரத்தில் ஒரு சுற்று கூடியிருந்தது. மஞ்சள் இல்லை. மெல்லிசாக, வெள்ளையாக, வெளிச்சத்தில் மினுமினுவென்று. கடிகார முள் போகிற பக்கமாகவே சாய்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். உல்லனும் இல்லை, பருத்தியும் இல்லை. மூக்கருகே கொண்டுபோனேன். என் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாடை.

கையைப் பின்னால் கொண்டுபோய் என் நரைத்த சடையைத் தடவினேன். இடுப்பு வரை இருந்தது நான்கு விரல் குறைந்திருந்தது.

மகளிடம் சொல்லவில்லை. காலையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அளந்து பார்த்தேன். மாதம் நான்கு விரல் என்றால் இன்னும் எட்டு மாதத்துக்குத் தாராளமாக வரும். அதற்குள் வளரவும் வளரும்.

இப்போதெல்லாம் எண்ணெய் இரண்டு வேளை தேய்க்கிறேன்.