தொண்ணூறு நாள் விதி

மானி எண்பத்தெட்டு என்று காட்டியதும் தஸ்நேவிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசி குத்திய விரலைப் பஞ்சால் அழுத்திக்கொண்டிருந்த நர்ஸ் முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தாள். இன்னும் எண்பத்தெட்டு நாள்தான் உயிர் என்று தெரிந்த மனிதர் சிரிப்பது அவளுக்குப் புதிதில்லை. எண் தொண்ணூறைத் தொட்ட வீடுகளில் எல்லாம் முதலில் யாராவது ஒருவர் முகம் மலர்வதை அவள் பார்த்திருக்கிறாள்.

"கம்பெனிக்குக் கடிதம் எப்பம்மா போகும்?" என்று கேட்டார்.

"இப்பவே போயிட்டு சார். மானி தானா அனுப்பிரும். ஜெனோவா அக்கா நாளைக்கழிச்சு கரைக்கு வந்திருவாங்க."

எஞ்சுநாள்மானி உள்ளங்கையில் அடங்கும் கருவி. ஒரு சொட்டு ரத்தமும் ஒரு நிமிட மூச்சும் அதற்குப் போதும். ஓயத் தொடங்கிய உறுப்புகள் ரத்தத்தில் கசியவிடும் நுண்புரதங்களை அளந்து, இதே கதியில் போனால் உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடும். திடீர்ச் சாவுகளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மெல்ல வரும் முடிவுகளில் மட்டும் மூன்று நான்கு நாளுக்கு மேல் பிசகியதில்லை. அது வந்த மறுவருடமே மாநிலத்தில் இறுதிக்காலத் துணைச் சட்டம் வந்தது. குணமாகாத நோய் என்று மருத்துவர் எழுதிவிட்டால் வீட்டுக்கே நர்ஸ் வருவார், வலிமருந்து வரும். எண் தொண்ணூறோ அதற்குக் கீழோ இருந்தால் நோயாளி விரும்பும் ஒருவருக்குத் துணையிருப்பு விடுப்பும் கிடைக்கும். அவர் எங்கே வேலை பார்த்தாலும் எந்த முதலாளியும் மறுக்க முடியாது.

அந்தத் தொண்ணூறை எழுதியவரே தஸ்நேவிஸ்தான். சென்னையில் சட்டத்துறையில் இருபத்திரண்டு வருடம் வரைவாளராக இருந்தார். அதிகாரிகள் முப்பது நாள் போதும் என்றார்கள். வாரக்கணக்கில் வாதாடி அதைத் தொண்ணூறாக்கினார். கூடவே இன்னொரு விதியையும் சேர்த்தார். எண் தொடர்ந்து ஏழு நாள் தொண்ணூறுக்கு மேலே நின்றால் விடுப்பு முடிந்துவிடும், துணைக்கு வந்தவர் வேலைக்குத் திரும்ப வேண்டும். சாகாதவர்களுக்காக ஊரே விடுப்பில் உட்கார்ந்திருக்குமா என்று கேட்டவர்களுக்கு அது பதிலாக இருந்தது. சட்டம் நிறைவேறிய அன்று சக ஊழியர்கள் கைகுலுக்கினார்கள். மூன்று வருடம் கழித்து முதுகெலும்பில் புற்றுநோய் என்று தெரிந்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்துவிட்டார்.

அவர் மனைவி ஜெனோவாவுக்குக் கடலில் வேலை. கரையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளில் ஏறிப் பழுதுபார்க்கும் குழுவுக்கு அவள்தான் தலைவி. இருபத்தொரு நாள் கடலில், ஏழு நாள் கரையில். கல்யாணமான இருபது வருடத்தில் அவர் சென்னையிலும் அவள் கடலிலுமாக, சேர்ந்து இருந்த நாட்களை எல்லாம் கூட்டினால் ஐந்து வருடம் தேறாது. பிள்ளைகள் இல்லை. நோய் வந்தபோது வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவள் இரண்டு முறை சொன்னாள். அவர் சம்மதிக்கவில்லை. நூற்றிருபது மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி வரும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

ஜெனோவா வந்தாள். கதவருகிலேயே பையைப் போட்டுவிட்டு நேராக வந்து கட்டிலில் உட்கார்ந்து அவர் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். கஞ்சி என்றார். அவள் எழுந்து போய் மார்க்கெட்டில் ஊளி மீன் வாங்கிவந்து புளி குறைத்துக் குழம்பு வைத்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அன்று அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டார்.

அடுத்த நாட்களில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அவளே அவருக்குச் சவரம் செய்துவிட்டாள். மதியம் அவர் தூங்கும்போது அவள் கை அவர் நெற்றியில் இருக்கும். விழித்ததும் கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். எத்தனையோ வருடம் தொலைபேசியில் குரலாக மட்டும் இருந்தவள் இப்போது அடுத்த அறையில் பாத்திரத்தைப் போட்டு உருட்டுகிறாள் என்பதே அவருக்கு நம்ப முடியாததாக இருந்தது.

பத்தாம் நாள் மானி தொண்ணூற்றொன்று காட்டியது. மறுநாள் தொண்ணூற்று மூன்று. முப்பிடாதி எண்ணைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று கணவனுக்கும் மனைவிக்கும் தெரியவில்லை. நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம், பக்கத்தில் ஆள். உடம்பு தெம்பாகத்தான் செய்யும். தொண்ணூறைத் தாண்டிய ஏழாம் நாள் நூற்றிரண்டு. அன்று மாலையே ஜெனோவாவின் கைபேசிக்குச் செய்தி வந்தது: துணையிருப்பு விடுப்பு முடிவடைந்தது, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பணிக்குத் திரும்பவும்.

"நல்லா ஆயிட்டீங்கன்னு என்னையப் போகச் சொல்லுதாங்க" என்றாள்.

"நான்தான் எழுதுனேன்" என்றார் அவர்.

அவள் போன பிறகு எண் இறங்கியது. ஒரு மாதத்தில் எண்பத்தொன்பது. திரும்ப வந்தாள், எண் ஏறியது, திரும்பவும் போனாள். மூன்றாம் முறை அது இறங்க மறுத்தது. தொண்ணூற்று மூன்றில் வந்து நின்றது, ஒரு நாள் நான்கு, ஒரு நாள் மறுபடி மூன்று. ஏழு நாள் கரை விடுமுறையில் ஜெனோவா வந்துபோனாள், அவ்வளவுதான். மூன்றே மூன்று எண்ணுக்கு அப்பால் அவள் இருந்தாள். தஸ்நேவிஸ் காலையில் கண்விழித்ததும் விரலை நீட்டிக்கொண்டு காத்திருப்பார். மூன்று எண் குறைந்து சாவு நெருங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்பது ஒரு நாள் உறைத்தது. உறைத்த பிறகும் வேண்டுவதை நிறுத்தவில்லை.

பிறகு வலியொட்டை உரிக்க ஆரம்பித்தார். தோளில் ஒட்டினால் மூன்று நாளைக்கு வலிமருந்தை உடம்புக்குள் மெல்ல விடும் பட்டை அது. முப்பிடாதி ஒட்டிவிட்டுப் போனதும் பிய்த்து எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிடுவார். மாற்றும் நாளில் அவள் கேட்டால், காலையில்தான் நானே உரித்தேன் என்பார். முதுகில் யாரோ துளைபோடுவது போல இருக்கும். தலையணையைக் கடித்துக்கொள்வார். சோறு இறங்காது. தூக்கம் என்ற பேச்சே இல்லை. ஆனால் மானி தொண்ணூற்றிரண்டு காட்டியது, அப்புறம் தொண்ணூற்றொன்று. அடுத்தது தொண்ணூறு. ஜெனோவா கிளம்பிவிட்டாள் என்று செய்தி வந்தது.

அன்று பழைய பட்டையை மாற்ற வந்த முப்பிடாதி அவர் தோளைத் தடவிப் பார்த்தாள். தோல் சுத்தமாக இருந்தது. பசையின் தடம்கூட இல்லை. அவள் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா சார்?"

"ஒன்பது நாளா."

தான் பார்க்கும் நாற்பது வீடுகளில் பதினொரு வீட்டில் இது நடக்கிறது என்று அவள் சொன்னாள். முத்தையாபுரத்தில் ஒரு அம்மா, ஓசூரில் இருக்கும் மகனை வரவழைக்க ஒருவேளைதான் சாப்பிடுகிறார். ஒரு பெரியவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். வந்த பிள்ளைகளை இருத்திக்கொள்வதற்காக எண் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதிப் பார்த்தாளாம். மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்ளும்படி அறிவுறுத்தவும் என்று பதில் வந்ததாம்.

"இந்தத் தொண்ணூறை எவன் எழுதுனானோன்னு அந்த அம்மா தெனமும் திட்டும். நீங்கதான்னு நான் சொல்லல" என்றாள்.

தஸ்நேவிஸ் சட்டையைத் தோளிலிருந்து விலக்கினார். புதிய பட்டையை ஒட்டச் சொன்னார். மருந்து ஏறி வலி தணிந்ததும் காகிதமும் பேனாவும் கேட்டார்.

முதலில் நோயாளிகளின் ஒப்புதலோடு பெயர் நீக்கிய அளவுகளை முப்பிடாதியும் அவள் தோழிகளான நர்ஸ்களும் நான்கு மாவட்டங்களிலிருந்து திரட்டினார்கள். வரைந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான கோடுகள் ரம்பப் பற்கள் போல ஏறியும் இறங்கியும் கிடந்தன. துணைக்கு ஆள் வந்ததும் ஏற்றம், போனதும் இறக்கம். மானி அளந்துகொண்டிருந்தது நோயை மட்டும் என்று சட்டம் நினைத்திருந்தது. தஸ்நேவிஸ் அதை ஒரு பத்தியில் எழுதிவிட்டுத் திருத்தச் சட்டத்தின் வரைவைத் தொடங்கினார். குணமாகாத நோய் என்று எழுதப்பட்ட நாளிலிருந்தே விடுப்பு உண்டு. எண் நோயாளிக்கு மட்டுமே சொந்தம், அவராகச் சொன்னால் ஒழிய முதலாளியோ உறவோ அறிய உரிமை கிடையாது. பதிவேட்டில் இருக்கும் அளவையும் நர்ஸ் வெளியே சொல்லக் கூடாது.

சட்டத்துறையில் அவருடைய பழைய நண்பர் கண்ணபிரான் இப்போது துணைச் செயலாளர். வரைவைப் படித்துவிட்டு அழைத்தார்.

"எல்லாம் சரிப்பா. விடுப்பு எப்ப முடியும்? அதுக்கு ஒரு விதி வேணுமே."

"நோயாளி போதும்னு எழுதிக் குடுத்தா முடியும்."

"எந்த நோயாளிய்யா அப்படி எழுதிக் குடுப்பான்?"

"குடுக்கலன்னா முடியாது. அவ்வளவுதான்" என்றார் தஸ்நேவிஸ்.

கோடுகளைப் பார்த்த சட்டமன்ற உறுப்பினர்கள் அதிகம் பேசவில்லை. அதற்குள் விடுப்பில் வந்திருந்த ஜெனோவா ஒரு தடவை கடலுக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. திருத்தம் நிறைவேறி நடைமுறைக்கு வந்த அன்றே அவர் விண்ணப்பித்தார். இந்த முறை பெரிய பெட்டியோடு வந்தாள்.

எண் ஏறியது. நூற்றுப் பத்து, நூற்றிருபது. யாருக்கும் அது செய்தியாகப் போகவில்லை. நூற்று முப்பத்தைந்து வந்த அன்று ஜெனோவா பாயசம் வைத்தாள். அவர் கைத்தடியோடு சமையலறை வரை நடந்துபோய் அங்கேயே நின்று குடித்தார். அவள் இனிப் போக வேண்டியதில்லை. இருபது வருடமாக ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவளைக் கவனிக்க அவருக்கு அவகாசம் கிடைத்தது. காலையில் காப்பியோடு சன்னலருகே போய் நிற்பாள். அவர்கள் வீடு மூன்றாம் மாடி. துறைமுகச் சுவருக்கு அப்பால், வானம் தெளிவாக இருக்கும் நாட்களில், காற்றாலைகள் குண்டூசிகளைக் குத்திவைத்தது போலத் தெரியும். காப்பி ஆறிப்போகும். குழுவிலிருந்து அழைப்பு வந்தால் பேசும்போது அவளுடைய வலது கை தானாகக் காற்றில் திருகாணியை முறுக்கும். பதினோராவது ஆலையின் இறக்கையில் விரிசல் விழுந்திருக்கிறது, புதுப் பையன்களுக்கு அதை எப்படிக் கட்டுவது என்று தெரியவில்லை. சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்காருவாள். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள். அவள் கை மட்டும் அவர் நெற்றியில் இருந்தபடியே எங்கேயோ இருக்கும்.

முன்பெல்லாம் அவளைக் கடலுக்கு அனுப்பியது சட்டம். அவர் அதைத் திட்டிவிட்டு ஏங்கிக் கிடக்கலாம். இப்போது போகச் சொல்லக்கூடியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். இரண்டு வாரம் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். அவளோடு இன்னொரு நாள் கிடைத்தால் போதும் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளைக் கூப்பிட்டுக் விடுப்பு போதும் என்று கையெழுத்திட்ட படிவத்தை நீட்டினார்.

அவள் வாசித்தாள். முகம் சிவந்தது. "நான் கேட்டேனா உங்ககிட்ட?"

"கேக்கல. கேக்க மாட்டேன்னு தெரியும்."

"நான் போனா எறங்கும். தெரிஞ்சுதான குடுக்கீங்க?"

"ஒரு தடவை போயிட்டு வா ஜெனோ. இருபத்தொரு நாள். அந்த எறக்கையக் கட்டிட்டு வந்திரு."

அவள் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். இரவுச் சாப்பாட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுத் தள்ளியே உட்கார்ந்தாள். மறுநாள் காலையில், கடலில் இருக்கும்போது தினமும் எண்ணைச் சொல்ல வேண்டும், நூற்றிருபதுக்குக் கீழே போனால் அந்த நிமிடமே திரும்பிவிடுவேன் என்று நிபந்தனை போட்டாள். அவர் ஒப்புக்கொண்டார். படகுத்துறைக்குக் கிளம்பும்போது அவர் தலையைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது அவசரம் தெரிந்தது. அந்த அவசரத்தைப் பார்த்ததில் அவருக்குச் சந்தோஷமாகவும் ஏக்கமாகவும் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை. முப்பிடாதி மானியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நூற்றுப் பத்தொன்பது. அவள் பதிவேட்டை எடுப்பதற்குள் தொலைபேசி அடித்தது. ஜெனோவாவின் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது. இறக்கையைப் பாதி கட்டியாகிவிட்டது, பையன்கள் கற்றுக்கொண்டார்கள், நேற்று ஓங்கில்கள் தண்ணீருக்கு மேலே துள்ளியபடி கூட்டமாகப் போயின என்று மூச்சுவிடாமல் சொன்னாள். இந்த உற்சாகக் குரலை அவர் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டாள்.

"நூத்தி முப்பத்தஞ்சு. அப்படியே நிக்குது" என்றார் தஸ்நேவிஸ்.

மறுமுனையில் அவள் பெருமூச்சு விடுவது கேட்டது. அப்படியானால் முழு இருபத்தொரு நாளும் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். இருந்துவிட்டு வா என்றார்.

தொலைபேசியை வைத்த பிறகு முப்பிடாதி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். என்ன எழுத என்று கேட்கவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"உள்ளதை எழுதும்மா. எழுத்துல பொய் வேண்டாம்" என்றார்.