அடிபிடித்த பொங்கல்

"இந்தக் கஞ்சியைக் குடிச்சுட்டுத்தான் ரோமாபுரிக்காரன் எகிப்தை ஆண்டானாம். நம்புங்க!" முகாமின் உதவியாள் ஜமீலா முகத்தைச் சுளித்துப் பார்லிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள்.

சுவைமீட்பி என்ற கருவி வந்ததிலிருந்து ஊருக்கு ஊர் இதே கூத்துதான். செங்கடல் கரையில் தோண்டியெடுத்த பானையில் ஒட்டிய கரித்துண்டு ஒன்றை உள்ளே போட்டால் போதும், ஈராயிரம் ஆண்டுக்கு முன் அந்தப் பானையில் வெந்ததை அதே ருசியில் வடித்துத் தந்துவிடும். ஆனால் கரிதான் வேண்டும். நன்றாக வெந்தது வயிற்றுக்குள் போய்விடும், மிஞ்சியது மட்கிவிடும். கருகியதுதான் மண்ணில் நிற்கும்.

கருவியை இயக்கும் ஞானசுந்தரிக்கு ரோமாபுரியைப் பற்றி என்ன கவலை? போன வருஷம் செத்துப்போன கணவன் சவரிநாதனின் பொங்கல் ஒரு வாய் வேண்டும், அவ்வளவுதான். இந்த அகழாய்வு முகாமின் சமையல்காரன் அவன். அளவும் கிடையாது, குறிப்பும் கிடையாது. இவள் எத்தனையோ தடவை பொங்கிப் பார்த்தும் அந்த ருசி வரவேயில்லை. ஏங்கியே நாக்குச் செத்துவிட்டது அவளுக்கு.

முகாமின் பழைய குப்பைக்குழியை அவளே தோண்டினாள்.

"அண்ணன் என்னைக்காவது அடிபிடிக்க விட்டிருக்காரா அக்கா?" என்றாள் ஜமீலா.

"மனுஷன்தானேடி. ஒரு நாளாவது விட்டிருக்க மாட்டாரா?"

கிடைத்தது. அரிசி, பாசிப்பருப்பு, மிளகு, எல்லாம் ஒட்டிக் கருகிய ஒரு பாளம். கருவி படித்ததும் கரி சாம்பலாகிவிடும், மறுதடவை கிடையாது. உள்ளே போட்டாள்.

ஒரு வாய் வைத்தாள். உப்பே இல்லை. மிளகு தொண்டையைப் பிடித்தது. ஒரே கசப்பு.

"அண்ணன் பொங்கலா அக்கா?"

"இல்லடி, என்னோடது. அவரு உப்பை மறக்குற ஆளா? அவரு படுத்துக் கிடந்தப்போ பொங்கினது. மருந்து குடுக்கப் போன நேரத்துல அடிபிடிச்சிருச்சு. நான் வாயில வச்சுக்கூடப் பாக்கல. 'நல்லாருக்கு புள்ள, இன்னும் கொஞ்சம் வை'ன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு, பாவி மனுஷன்."

அவன் சமைத்ததில் ஒரு பருக்கைகூட மண்ணில் இல்லை. முகாமே வழித்துத் தின்றிருந்தது. இன்னும் ஈராயிரம் ஆண்டு கழித்து யாரோ இங்கே தோண்டுவார்கள். இந்தக் கசப்பைத்தான் இவர்கள் தின்றார்கள் என்று எழுதிவைப்பார்கள்.

ஜமீலா ஒதுக்கிய பார்லிக் கஞ்சியை ஞானசுந்தரி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"இதையும் எவளோ ஒருத்தி கருக்கிட்டா. அன்னைக்கு அவ வீட்ல யாருக்கு முடியலையோ."

பிறகு தன் பொங்கலை இழுத்துவைத்து, கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டாள்.