டுவெய்னின் வண்டிக்கு அடியில்

மொன்டானாவின் வடபுறச் சமவெளியில் பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு பிற்பகலில், வண்டி பழுதுபார்க்கும் ஹார்லன் தன் கருவிப் பெட்டியுடன் மார்னாவின் பண்ணைக்கு வந்து சேர்ந்தான். கொட்டகைக்குள் அந்தப் பழைய டீசல் பிக்கப் நின்றிருந்தது. சென்ற இலையுதிர் காலத்தில் பாலத்திலிருந்து ஓடைக்குள் கவிழ்ந்து, மார்னாவின் கணவன் டுவெய்னைக் குளிர்நீரில் மூழ்கடித்த வண்டி அது. கதவையும் கண்ணாடியையும் மாற்றி, எஞ்சினை உலர்த்தி, மார்னா அதை மீண்டும் ஓடவைத்திருந்தாள். ஓடக்கூடிய வண்டியைத் துக்கத்தின் பொருட்டு ஒதுக்கிவைக்கும் வழக்கம் அவ்வூரில் எவருக்கும் இல்லை.

“நாளைக்குக் கன்னுங்களை ஏத்திக்கிட்டு சந்தைக்குப் போகணும். ஸ்டியரிங் லேசா நடுங்குது. என்னன்னு பாரு,” என்றாள் மார்னா.

“இதுலயா பாலத்தைத் தாண்டப் போறே?”

“பின்ன, பறந்தா போவாங்க? அந்தக் குடிகாரன் மாதிரி நான் ஊத்திக்கிட்டு ஓட்ட மாட்டேன்.”

ஹார்லன் குனிந்து கருவிப் பெட்டியைத் திறந்தான். டுவெய்ன் குடித்துவிட்டு ஓட்டினான் என்ற பேச்சு காபிக் கடையில் முதன்முதலாக எழுந்தபோதும் அவன் வாய் திறக்கவில்லை. அந்தப் பேச்சு அவனுக்குக் கதகதப்பான போர்வையாக இருந்தது. அந்தக் கோபத்தில் கணவனின் கல்லறைக்கு மார்னா இதுவரை கல் நடவில்லை.

உண்மை ஹார்லனுக்குத் தெரியும். விபத்துக்கு முந்தைய வசந்தத்தில், பசுக்கள் கன்று ஈனும் பருவத்தில், இதே நடுக்கத்துடன்தான் டுவெய்ன் வண்டியைக் கொண்டுவந்தான். முன்னச்சைச் சட்டத்தோடு பிணைக்கும் குறுக்குக் கம்பியின் மூட்டு தேய்ந்துவிட்டால், ஒரு மேட்டில் ஏறி இறங்கிய மறுகணமே முன்சக்கரங்கள் வெறிகொண்டு துடிக்கும். எந்தக் கையாலும் அடக்க இயலாது. அதைக் கண்டறிய இருவர் வேண்டும். ஒருவர் எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கைச் சிறிது இடமும் சிறிது வலமுமாக ஆட்ட, மற்றவர் அடியில் படுத்து மூட்டைப் பார்க்க வேண்டும்.

“நான் ஏறி ஆட்டட்டுமா?” என்று அன்று டுவெய்ன் கேட்டான்.

“வேணாம். நீ போய் மாட்டைப் பாரு.”

நடுக்கத்தை அடக்கும் புதிய டாம்பர் ஒன்றை மட்டும் மாட்டி ஹார்லன் வண்டியை அனுப்பிவிட்டான். நடுக்கம் நின்றது. நோய் ஒளிந்துகொண்டது.

இப்போது மார்னா இருக்கையில் ஏறி எஞ்சினை முடுக்கினாள். ஹார்லன் மல்லாந்து அடியில் நகர்ந்தான். டீசலின் இரைச்சல் அவன் மார்பெலும்புகளை அதிரச் செய்தது.

“இடது,” என்று உரக்கக் கூறினான். “வலது.”

தலைக்கு மேல் மூட்டு, ஈறு விட்ட பல்லைப் போல ஆடியது. அவன் அஞ்சியது அதுவே.

“போதும்.”

ஸ்டியரிங் நிற்கவில்லை. இடது. வலது. எதையோ சுட்டிக்காட்டுவது போன்ற நிதானமான அசைவு. டீசல் நெடியை விலக்கிக்கொண்டு ஓடைச் சேற்றின் வாடை எழுந்தது. குளிர்ந்த துளியொன்று அவன் கன்னத்தில் விழுந்தது.

“போதும் மார்னா, இறங்கு.”

“யாருகிட்ட கத்துறே?” என்ற குரல் கொட்டகை வாசலிலிருந்து வந்தது. “காபி எடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன். இந்தச் சத்தத்துல உன் செவிட்டுக் காதுக்கு எங்க கேக்கப் போவுது.”

அவள் காலணிகள் வாசலில் தெரிந்தன.

சக்கரம் இடப்பக்கம் திரும்பியது.

வலப்பக்கம் திரும்பியது.

ஹார்லன் தவழ்ந்து வெளியேறினான். ஓட்டுநர் இருக்கை வெறுமையாக, ஈரமாக இருந்தது. எஞ்சினை நிறுத்தி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான். புதிய குறுக்குக் கம்பி குளிர்காலம் முழுவதும் அவனுடைய வண்டியில்தான் கிடந்தது; கொண்டுவந்து கொடுக்கும் துணிவுதான் வரவில்லை. இப்போது ஏதும் பேசாமல் மாற்றிவிடலாம். மார்னா பத்திரமாகப் பாலத்தைக் கடப்பாள். டுவெய்ன் என்றென்றும் குடிகாரனாகவே கிடப்பான்.

“மார்னா, அன்னைக்கு அவன் குடிச்சிருக்கலை.”

“நீ கூட இருந்து பாத்தியா?”

“வண்டியிலதான் கோளாறு. அவன் எங்கிட்டக் கொண்டாந்தான். நான் அடியில படுத்துப் பாக்கக்கூட இல்லை. சரியாப் போச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

அவள் காபிக் கோப்பையை மெல்ல வைக்கோற்கட்டின் மேல் வைத்தாள்.

“ஊரே அவனைக் குடிகாரன்னுச்சு. நானும் சொன்னேன். நீ எம்பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தே.”

“ஆமா.”

“காட்டு.”

அவள் தானே வண்டிக்கு அடியில் படுத்தாள். ஏறி ஸ்டியரிங்கை ஆட்டுவதற்காக ஹார்லன் ஓட்டுநர் கதவை நோக்கி நடந்தான்.

“மெதுவா,” என்றாள் அவள் அடியிலிருந்து. “ம். இப்பத் தெரியுது. ஆடுது.”

அவன் கை இன்னும் கதவைத் தொடவில்லை.

எஞ்சின் ஓடாதபோது அந்தப் பாரத்தைத் திருப்ப, வலிமை வாய்ந்த ஆளும் மூச்சுத் திணற வேண்டும். கண்ணாடிக்கு அப்பால் ஸ்டியரிங் தானாக, எளிதாக, இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தது.

“வெளிய வந்துடு, மார்னா. நான் இன்னும் ஏறலை.”



“தெரியும்,” என்றாள். “உன் கால் ரெண்டும் தரையிலதான இருக்கு.”

“வந்துடு. நான் கம்பியை மாத்திடறேன்.”

“மாத்தலாம். மொதல்ல அந்த மனுஷன் காட்டி முடிக்கட்டும்.”

அவள் வெளியே வந்தபோது அவள் கூந்தல் நனைந்திருந்தது. ஹார்லனை அவள் பார்க்கவில்லை.

அந்தி சாய்வதற்குள், அசையும் சக்கரங்களுக்கு நடுவே படுத்தே ஹார்லன் புதிய கம்பியைப் பொருத்தினான். மூட்டு இம்மியும் ஆடவில்லை. ஆனால் ஊரின் கண்ணில் டுவெய்ன் இன்னும் குடிகாரன்தான்.

ஸ்டியரிங் மட்டும் நிற்கவில்லை.