மணல் இறங்கும் சத்தம்

கீழ்வீட்டுக்கு இறங்கும் படிக்கட்டில் நேற்று ஏழு படிகள்தான் மணலுக்கு வெளியே தெரிந்தன. இன்று காலை துடைப்பத்தோடு வந்து நின்ற அதிய்யாத் எட்டு எண்ணினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி எண்ணினாள். எட்டேதான். அந்த எட்டாம் படியை யாரோ பெருக்கிவிட்டிருந்தார்கள்.

கார்கா பாலைவனச் சோலைகளின் தென்கோடியில் மணல்மேடுகள் நடக்கும். வடக்கேயிருந்து வரும், வேலியை விழுங்கும், பேரீச்சைகளை விழுங்கும், பிறகு வீட்டுச் சுவரில் தோளைக் கொடுத்துக் காத்திருக்கும். அதனோடு யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. கூரைமேல் இன்னொரு மாடி எழுப்பி, சட்டிபானையோடு மேலேறி, கீழ்வீட்டை மணலுக்கே விட்டுவிடுவார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் அதிய்யாத்தும் அவள் கணவன் பகீத்தும் அப்படித்தான் மேலேறினார்கள். இப்போது மேடு வீட்டைக் கடந்து தெற்கே நகரத் தொடங்கிவிட்டது.

பகீத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியாடி, வீட்டைத் திருப்பிக் குடுக்குது! வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் நாலு பேரை மண்வெட்டியோட கூட்டிட்டு வர்றேன். அக்கா ரூம் கதவுல தாத்தா செதுக்கின மரப்பூட்டு இருக்குல்ல, அது கிடைச்சாப் போதும் எனக்கு."

"ஒன்பது வருஷம் கிடந்தது. இன்னும் கொஞ்ச நாள் கிடந்தா என்னவாம்?"

"உனக்கு அந்த வீட்டு மேல ஆசையே கிடையாது. அக்கா இருந்திருந்தா வெறுங்கையாலயே தோண்டியிருப்பா."

அந்தப் பூட்டைக் கதவின் வெளிப்புறத்திலிருந்து பூட்டியவளே அதிய்யாத்.

பகீத்தின் அக்கா நபவிய்யா வலது காலை இழுத்து இழுத்து நடப்பாள்; அந்தக் கால் செய்யாததையெல்லாம் நாக்கு செய்யும். "நீ சுடுற ரொட்டியைக் கழுதைகூட மோந்து பாத்துட்டுப் போயிடும்," என்பாள், விருந்தாளிகள் முன்னாலேயே. மேலேறும் நாளில் தன் அறையைக் காலி செய்ய மாட்டேன் என்று நடுவாசலில் உட்கார்ந்துகொண்டாள். பகீத் கதவுமரம் வாங்க வெளியூர் போயிருந்தான். ஒரு மணி நேரமாவது நிம்மதியாகச் சாமான் ஏற்றலாமென்று அதிய்யாத் அவளை அறைக்குள் தள்ளிப் பூட்டினாள். ஒரு மணி நேரம்தான் நினைத்தாள். அதற்குள் காற்று எழுந்தது, பின்சுவர் இடிந்தது, மணல் படிக்கட்டை மூடிவிட்டது.

பகீத் வந்து கேட்டபோது பயத்தில் நாக்கு தானாகச் சொன்னது: "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. பஸ் ஏறினதை நானே பாத்தேன்."

அன்று சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தவன் காதைத் தீட்டினான். "கீழ யாரோ தட்டுற மாதிரி இல்ல?"

"மணல் இறங்குதுங்க. அதான் சத்தம்."

வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் அந்தத் தட்டல் நின்றது.

புதன்கிழமை பதினோரு படிகள். வியாழன் பதினாறு. மேடு நகர்வதால் மணல் குறைகிறது என்று அவளும் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் காற்றுக்கு மூலைமுடுக்கெல்லாம் கூட்டத் தெரியுமா? மதிய வெயிலில் ஊரே கதவடைத்துக் கிடக்க, கீழேயிருந்து ஈச்சந்துடைப்பம் தரையை உரசும் சத்தம் நிதானமாக, சலிக்காமல், ஓர் உரசலுக்கும் அடுத்த உரசலுக்கும் நடுவே இழுபடும் ஒரு காலின் சத்தத்தோடு மேலேறி வந்தது. கூடவே நபவிய்யா தலைக்குத் தடவும் வெந்தய எண்ணெயின் வாசனை.

வெள்ளிக்கிழமை. பகீத் பள்ளிவாசலுக்குப் போனான். அவர்கள் தோண்டுவதற்குள் பூட்டைத் திறந்து வைத்துவிட வேண்டும். திறந்த கதவென்றால் அக்காவே திரும்பி வந்து மாட்டிக்கொண்டாள் என்று ஆகிவிடும். மாவுப்பானைக்கு அடியில் ஒளித்திருந்த மரச்சாவியை எடுத்தாள். நாலு முளைகள் வைத்த, சாண் நீளச் சாவி.

ஒலிபெருக்கியில் பிரசங்கம் கேட்டது. படிக்கட்டின் தலைக்கதவைத் திறந்தாள். படிகள் முழுவதும் மணல் நீங்கிக் கிடந்தன. இருபத்திரண்டு. இறங்க இறங்கக் குளிர்ந்தது. பிரசங்கம் தேய்ந்தது.

அந்தக் கதவு.

பூட்டைக் காணோம். அது இருந்த இடத்தில் நாலு ஆணித்துளைகள்.

தள்ளினாள். திறந்துகொண்டது. உள்ளே எலும்பு இருக்கும் என்று பயந்திருந்தாள். எலும்பு இல்லை. யாருமே இல்லை. பின்சுவர் இடிந்த வாய் நிறைய மணல், கூரை வரைக்கும். கதவின் உள்பக்கம் முழுவதும் நகக்கீறல். தரையில் துடைப்பத்தின் கோடுகள். அவற்றின் மேல் காலடிகள். இடது பாதம், பக்கத்தில் இழுபட்ட தடம். இடது பாதம், இழுபட்ட தடம். வாசலை நோக்கிப் போயிருந்தன. திரும்பி வரவில்லை.

மேலே, படிக்கட்டின் தலைக்கதவு சாத்தும் சத்தம்.

டொக். டொக். டொக். டொக்.

தாத்தா பூட்டின் நாலு மரமுளைகள் விழுந்தன. அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும்.

ஓடினாள். விழுந்தாள். எழுந்து ஓடினாள். கதவு அசையவில்லை. வழவழப்பான பலகை. பூட்டு அந்தப் பக்கம். சாவி அவள் கையில்.

வெளியே செருப்புச் சத்தம். பகீத்தின் குரல் உடைந்து வந்தது.

"அக்கா! நீயா? ஒன்பது வருஷம், ஒரு சேதி இல்லையே அக்கா!"

"அழாதடா. வந்துட்டேன்ல."

"அதிய்யாத் எங்க?"

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. பஸ் ஏறினதை நானே பாத்தேன்."

அதிய்யாத் இரண்டு கையாலும் கதவில் அறைந்தாள். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கீழே அறைக்குள் ஏதோ சரிந்தது. வறண்ட இரைச்சல். கடைசிப் படி மணலில் மறைந்தது. அடுத்த படி. அடுத்தது.

"கீழ யாரோ தட்டுற மாதிரி இல்லக்கா?"

டீத்தம்ளரில் கரண்டி கலக்கும் சத்தம். பிறகு கதவுக்கு மிக அருகில், வாயைப் பலகையில் வைத்துச் சொன்னதுபோல் நபவிய்யாவின் குரல்:

"மணல் இறங்குதுடா. அதான் சத்தம்."