எலும்பில்லாதவை மட்டும்

காலை 10.00. கடல்மீன் தொட்டியின் விளக்கு தானாக எரிந்தது.

அந்த நேரத்தில் கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பவளங்கள் ஒவ்வொன்றாக விரல் நீட்டி விரிவதைப் பார்ப்பது பித்தளைக்கடைக்காரரின் வழக்கம். அறுபத்தெட்டு வயதில் யாருக்கும் தலை குனிந்தவரல்ல. அந்த அரைமணி நேரம் மட்டும் வாயடைத்துப் போவார். ஒரு கடல், தன் வீடு தேடி வந்திருக்கிறதே!

இன்று ஒன்றும் விரியவில்லை. பவளங்கள் பிழிந்த துணிபோல் சுருங்கிக் கிடந்தன. சிவப்புக் கோடு போட்ட இறால் மணலில் மல்லாந்திருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் உதிர்ந்து போயிருந்தன.

11.00. மகளும் மாப்பிள்ளையும் ஓடி வந்தார்கள். பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைதான் ஆறு மாதம் அலைந்து அந்தத் தொட்டிக்கான சாமான்களைத் தேர்ந்தெடுத்தவர்.

"மட்டமான சாமானை என் தலையில கட்டிட்டீங்க. ஊரையே கூப்பிட்டுக் காட்டினேனே, இப்ப முகத்தை எங்க வச்சுக்கிறது? இனிமே என் வாசப்படி மிதிக்காதீங்க!"

பெரியவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. மாப்பிள்ளை படியிறங்கினார். மகள்தான் திரும்பி நின்றாள். "அவர் வராத வீட்டுக்கு நானும் வரலப்பா."

மாலை 4.00. சம்பந்தியம்மா வந்தார். இருபத்தேழு வருடம் குற்றப்பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"மகனுக்குப் பரிஞ்சு பேச வந்தீங்களா?"

"அவன் கொன்னுட்டான்னு சொல்றீங்களே சம்பந்தி. பிரேதத்தைப் பாக்காம என்ன பேச்சு?"

டார்ச் விளக்கோடு குனிந்தார். நிமிரக் கால்மணி நேரம் ஆயிற்று.

"மீன் ஏழும் நல்லாயிருக்கே?"

"இருக்கு. தீனியும் எடுக்குது."

"தண்ணி சூடேறுச்சா?"

"இல்ல. அதே இருபத்தஞ்சு டிகிரி."

"கரண்ட் போச்சா?"

"போகல."

"யாராவது எதையாவது ஊத்தியிருந்தா?"

"என் வீட்டுலயா? யாருக்கு அவ்வளவு தைரியம்?"

"ஊத்தியிருந்தா பெரும்பாலும் மீனும் போயிருக்கும். இங்க எலும்பில்லாதது மட்டும் செத்திருக்கு. ஆள் பார்த்துக் கொன்னிருக்கு, சம்பந்தி."

பெரியவர் தொட்டியருகே வந்தார்.

தொட்டிக்குக் கீழிருந்த அலமாரியைச் சம்பந்தியம்மா திறந்தார். கதவின் உட்புறம் மகன் கையெழுத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது: பம்ப், ஹீட்டர், நுரை பிரிப்பான், மிதவை வால்வு. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது எதனால் ஆனது என்ற குறிப்பு. கண்ணாடி, பிளாஸ்டிக் தவிர வேறொன்றும் உப்புத் தண்ணீரைத் தொடக் கூடாது என்று கடைசியில் சிவப்புக் கோடிட்ட ஒரு வரி. ஒவ்வொரு சாமானாக விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே போனவர், மேல்தொட்டித் தண்ணீர் சுற்றிவரும் கீழ்த்தொட்டிக்கு வந்ததும் நின்றார். வற்றிப்போகும் தண்ணீருக்கு ஈடாக நல்ல தண்ணீர் விடும் வால்வு, தண்ணீரில் பாதி மூழ்கிப் பளபளத்தது.

"இது எப்ப வந்தது?"

பெரியவர் நெஞ்சை நிமிர்த்தினார். "மூணு வாரமாச்சு. பழசைத் தூக்கிப் போட்டுட்டு நானே மாட்டினேன். அசல் பித்தளை, நம்ம கடைச் சரக்கு. மூணு தலைமுறையா பித்தளை விக்கிறவன் வீட்டுல பிளாஸ்டிக் வால்வா? பாக்கிறவன் சிரிக்க மாட்டான்?"

சம்பந்தியம்மா இழுப்பறையில் மகன் வைத்திருந்த சோதனைப் பெட்டியை எடுத்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர். அதில் மருந்து நாலு சொட்டு. இருவரும் குழாயைப் பார்த்தார்கள். தெளிந்த தண்ணீருக்குள் நீலம் மெல்லப் பூத்தது.

"செம்பு," என்றார் சம்பந்தியம்மா. "பித்தளைக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? உப்புத் தண்ணி அதைக் கொஞ்சங்கொஞ்சமா அரிக்குது. விளிம்புல பச்சை பூத்திருக்கு பாருங்க. மீன் தாங்கிக்கும். இறால், நத்தை, பவளத்துக்குத் துளி போதும். என் பையன் வாங்கின சாமான்ல ஒரு குறையும் இல்ல. அவன் பட்டியல்ல இருக்கிறது பிளாஸ்டிக் வால்வு, இந்தப் பித்தளை இல்ல. கொன்னது இது. மாட்டினது நீங்க."

பித்தளையில் செம்பு எத்தனை பங்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர் பெரியவர். கடலுக்குள் பாறையையே எழுப்பும் உயிர்கள், தன் உள்ளங்கையளவு பெருமையில் செத்துப்போயின. அந்த நீலத்திலிருந்து கண்ணெடுக்காமலே கேட்டார்.

"மிச்சம் பிழைக்குமா?"

"உடனே தண்ணி மாத்தினா பிழைக்கலாம். அது தெரிஞ்சவன் ஒருத்தன்தான்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நான் போய்க் கூட்டிட்டு வரேன். விஷயம் நமக்குள்ள இருக்கட்டும்," என்றார்.

"வேண்டாம் சம்பந்தி. திட்டினது தெருவுக்கே கேட்டுச்சு. இதுவும் கேக்கட்டும்."

5.10. வால்வைத் தன் கையாலேயே கழற்றி வைத்தார். சட்டையை மாற்றிக்கொண்டு, எதிர்வரிசையில் கூட்டமாயிருந்த பிளாஸ்டிக் குழாய்க் கடைக்குள் நுழைந்தார். இருபது வருடத்தில் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காதவர். கடைக்காரர் பதறி எழுந்தார்.

"ஐயா, நீங்களா?"

"மிதவை வால்வு ஒண்ணு குடுங்க. பிளாஸ்டிக்." அங்கேயே நின்று கைபேசியை எடுத்தார். "மாப்பிள்ளை, தப்பு என்னோடது. உங்க சாமான் எல்லாம் சொக்கத்தங்கம். இங்க பத்துப் பேர் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க, அதுக்காகத்தான் இங்க நின்னு சொல்றேன். பிளாஸ்டிக் வால்வு என் கையில இருக்கு. இதை வாங்கட்டுமா?"

மறுமுனையில் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

"வாங்கிடாதீங்க மாமா. உள்ள இரும்பு ஆணி ஏதாவது இருக்கும், பாக்கணும். அங்கேயே இருங்க, வந்துக்கிட்டே இருக்கேன்."

பெரியவர் வால்வை மேஜைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.