இருநூற்று முப்பத்தொன்பதாவது சீட்டு

வியாழக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். நெல்டா அர்ரஸ்கயேத்தா மாத்தே இலை போட்ட குடுவையில் வெந்நீர் ஊற்றி தார்தோவிடம் நீட்டிய நேரத்தில் வாசல் மணி அடித்தது. வந்தவர் புசேயோ துறைமுகத்தில் இருக்கும் கடலாய்வு நிலையத்தின் இயக்குநர், டாக்டர் ஒஃபேலியா லரஞ்ஞாகா. உயரமானவர், கழுத்தும் நீளம். இடுக்கியிருந்த காகிதக் கட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்தார்.

"உங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்க வந்தேன்" என்றார்.

நெல்டாவும் தார்தோவும் பதினொரு வருடமாக ‘புவெந்தே’ என்ற மென்பொருளைப் பராமரித்து வந்தார்கள். பெயருக்குப் பாலம் என்று பொருள். தொலைவில் இருக்கும் சர்வர், கேமரா, கைப்பேசி எதுவானாலும் அதில் உள்ள கோப்புகளை உங்கள் மேஜைக் கம்ப்யூட்டரிலேயே இருப்பதுபோலத் திறந்து காட்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. நெல்டா தொலைபேசி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவள். தார்தோ ஒலஸ்கோவாகா, பேருந்து நிலையத்தில் வண்டிகளுக்கு நேரம் குறித்து அனுப்புகிறவன். ஷிஃப்ட் முடிந்ததும் நேரே இங்கே வந்துவிடுவான். மோந்தெவிதேயோவில் யாருக்காவது கோப்பு காணாமல் போனால் நெல்டாவைத்தான் தேடி வருவார்கள். அவள் கண்டுபிடித்த கதைகளை ஊரெல்லாம் சொல்வது தார்தோவின் வேலை.

டாக்டர் விஷயத்தைச் சொன்னார். ஆறு வருடமாகக் கடலில் கிடந்து பதிவு செய்த திமிங்கிலக் குரல்கள், மொத்தம் இருநூற்று நாற்பத்தொரு பதிவுகள், ‘அர்ச்சிவோ’ என்ற சர்வரில் இருந்தன. நிலையத்தில் எல்லாரும் புவெந்தே வழியாகத்தான் அதைத் திறப்பார்கள். மாற்றுப் பிரதி இருந்த வட்டு ஆகஸ்டில் படகிலேயே நனைந்து செத்தது. செவ்வாய்க்கிழமை காலை பார்த்தால் கோப்புறை காலி. தேடியபோது மறைவாக ஒரு குப்பைத்தொட்டிக் கோப்புறை அகப்பட்டது. புவெந்தே எதைக் குப்பையில் போட்டாலும், என்ன பெயர், எத்தனை மணிக்கு என்று கோப்புக்கொரு சீட்டு எழுதி ஓர் அறையில் வைக்கும். கோப்பை இன்னொரு அறையில் வைக்கும். இங்கே சீட்டுகள் இருந்தன. கோப்பறை துடைத்தாற்போல இருந்தது.

"சீட்டு எல்லாத்துலயும் திங்கட்கிழமை ஒண்ணு இருபதுன்னு இருக்கு. அன்னைக்கு ஒண்ணு இருபதுக்கு நாங்க எல்லாரும் பிறந்தநாள் அசாதோவுல இறைச்சி சுட்டுத் தின்னுட்டிருந்தோம். கட்டடத்துல இருந்தது எங்க டெக்னீஷியன் வாஷிங்டன் சில்வேரா மட்டும். குப்பைத்தொட்டியோட பேர் ஆயிரம்ங்கிற எண்ல முடியுது. அவர் கம்ப்யூட்டர்ல அவரோட எண் ஆயிரம். போன மாசம் லீவு விஷயத்துல அவருக்கும் எனக்கும் சண்டை." டாக்டர் மூச்சு விட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விசாரணை. உங்க சீட்டு பொய் சொல்லாதுன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க, போதும்."

வாஷிங்டனின் பத்தொன்பது வருட வேலை போய்விடும் என்பதை அவர் சொல்லவில்லை. தார்தோதான் கேட்டுத் தெரிந்துகொண்டான். கேட்ட பிறகும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. ஆள், நேரம், எண், பகை நான்கும் ஒரே வரிசையில் நின்றன. இவ்வளவு சுலபமான கேஸை நெல்டாவிடம் எதற்குக் கொண்டுவர வேண்டும் என்றுகூடத் தோன்றியது.

நெல்டா காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "சீட்டு பொய் சொல்லாது, டாக்டர். ஆனா அது என்ன சொல்லுதுன்னு பார்க்கணும். மொத்தம் எத்தனை சீட்டு?"

"இருநூத்து முப்பத்தொன்பது. அதுல எங்க பதிவு இருநூத்து முப்பத்தெட்டு. மூணு பதிவுக்குச் சீட்டுகூட இல்லை, அதையும் அழிச்சிட்டார். மிச்சம் ஒரு சீட்டு..." டாக்டரின் முகம் சிவந்தது. "அது என்னைக் கேலி பண்ண வச்சது. ‘தொப்பி போட்ட ஞாந்து’ன்னு ஒரு ஃபைல். எங்களுது இல்லை. ஆபீஸ்ல எனக்கு ஞாந்துன்னுதான் பட்டப்பேர், தெரியும்."

ஞாந்து என்பது எங்கள் புல்வெளிகளில் ஓடும் நீண்ட கழுத்துப் பறவை. தார்தோ சிரிப்பை அடக்க மாத்தேயை உறிஞ்சி, நாக்கைச் சுட்டுக்கொண்டான். நெல்டா சிரிக்கவில்லை. அந்தக் கடைசிக் காகிதத்தை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். அவள் முகம் வாடியது. அவளை அப்படிப் பார்த்து தார்தோவுக்குப் பழக்கமில்லை.

பிறகு சம்பந்தமே இல்லாமல் அவனிடம் கேட்டாள்: "திங்கட்கிழமை சோதனை முடிவு உனக்கு வந்துச்சா?"

புவெந்தேயில் ஒரு வரி மாற்றினாலும் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு தனிக் கம்ப்யூட்டர் உண்டு. நூற்றுக்கணக்கான சோதனைகளைத் தானே ஓட்டி, முடிவை தார்தோவுக்கு மின்னஞ்சலில் அனுப்பும். அது இருந்த பள்ளிக்கூட அறை மழையில் ஒழுகியதால், போன வெள்ளிக்கிழமை அதை வேறிடத்துக்கு மாற்றினார்கள். இடம் கொடுத்தது இதே டாக்டர்தான், நிலையத்தின் அடித்தளத்தில். தூக்கிக்கொண்டு போய் வைத்தது தார்தோ.

"வரலை" என்றான் தார்தோ. "திங்கட்கிழமை காலைல பத்தேகாலுக்கு ஒரு சின்னத் திருத்தத்தை ஏத்துக்கிட்டேன். சோதனை ஆரம்பிச்சிருக்கணும். முடிவு வரலை. அவங்க கட்டடத்துல நெட் சரியில்லைன்னு விட்டுட்டேன்."

நெல்டா மேலங்கியை எடுத்தாள். "போகலாம், டாக்டர். எழுதறதை அங்கே போய் எழுதறேன்."

டாக்டரின் காரில் கிளம்பினார்கள். கடற்கரைச் சாலையில் காற்று வண்டியைத் தள்ளியது. வாஷிங்டன் எப்படிச் செய்திருப்பார் என்று தார்தோ இரண்டு விதமாக யோசித்து வைத்தான். நெல்டா கேட்டால் சொல்லலாம் என்றிருந்தான். அவள் கேட்கவில்லை.

நிலையத்தில் அவள் முதலில் கேட்டது, சர்வர் தன் வாசலில் தானே எழுதும் வருகைப் பதிவேட்டை. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று அதில் இருக்கும். அதுவரை யாரும் அதைத் திறக்கவில்லை. கையில் சீட்டு இருக்கும்போது எதற்கு என்று விட்டிருந்தார்கள். திங்கட்கிழமைப் பக்கத்தைப் படித்துவிட்டு, வாஷிங்டனைக் கூப்பிடச் சொன்னாள். ஐம்பது வயது மனிதர், கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கதவருகிலேயே நின்றார். உட்காருங்கள் என்று டாக்டர் சொல்லவில்லை. நெல்டா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"திங்கட்கிழமை ஒண்ணு இருபதுக்கு இந்தச் சர்வருக்குள்ள யாருமே வரலை" என்று ஆரம்பித்தாள். "பதிவேடு காலியா இருக்கு. ஆனா காலைல பத்து இருபதுக்கு ஒருத்தர் வந்திருக்கார். ஒரே நிமிஷத்துல எல்லாத்தையும் தொட்டிருக்கார்."

"அப்போ சீட்டு பொய்தானே?" என்றார் டாக்டர்.

"இல்லை. சீட்டுல நேரம் எழுதறது சர்வர் இல்லை, அழிக்கிற கம்ப்யூட்டர். அதோட சொந்தக் கடிகாரப்படி எழுதும். பத்து இருபதை ஒண்ணு இருபதுன்னு எழுதினா, அந்தக் கடிகாரம் மூணு மணி நேரம் முன்னால ஓடுது. நமக்கு மூணு மணி நேரம் முன்னால ஓடறது எது?"

"லண்டன் நேரம்" என்றான் தார்தோ மெதுவாக.

"உலகத்துக்கெல்லாம் பொதுவான நேரம். இந்த ஊர்ல எந்த மனுஷனும் தன் கம்ப்யூட்டர்ல அதை வச்சுக்கறதில்லை. சோதனை மெஷின்ல வைப்பாங்க. அப்புறம் அந்த ஆயிரம். எந்தக் கம்ப்யூட்டரும் தன் முதல் ஆளுக்குக் கொடுக்கிற எண் அது. வாஷிங்டனுக்கு ஆயிரம்னா எனக்கும் ஆயிரம், தார்தோவுக்கும் ஆயிரம். அந்த மெஷினுக்கும் ஆயிரம்." நெல்டா கடைசிக் காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். "தொப்பி போட்ட ஞாந்துவை எழுதினது நான், டாக்டர். பதினொரு வருஷத்துக்கு முன்னாடி, உங்களைப் பார்க்கிறதுக்கே முன்னாடி. பேர்ல ‘ஞா’வுக்கு நம்ம மொழியில வர்ற வால் வச்ச எழுத்தும் நடுவுல இடைவெளியும் இருந்தா புரோகிராம் தடுமாறுதான்னு பார்க்க, சோதனைக்கு அந்தப் பேரை வச்சேன். உங்க பதிவுகளைக் குப்பையில போட்டது என் சோதனை."

டாக்டரின் கை காகிதக் கட்டின்மேல் இருந்தது.

மீதியை நெல்டா நிதானமாக விளக்கினாள். குப்பைத்தொட்டிச் சோதனைக்கென்று ஒரு பொம்மை சர்வர் உண்டு. அதற்கு அவள் வைத்த பெயரும் ‘அர்ச்சிவோ’. ஆவணக் கிடங்கு என்று பொருள்படும் அந்தப் பெயரை நாட்டில் பாதி அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பொம்மை பதில் சொல்லும். இங்கே நிஜ சர்வர் பதில் சொல்லிவிட்டது. கடவுச்சொல் கேட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். ஆய்வாளர்கள் மறந்துபோகிறார்கள் என்று கட்டடத்துக்குள் கடவுச்சொல்லை எடுத்துவிட்டதாக டாக்டரே ஒப்புக்கொண்டார். சோதனை ஞாந்துவை உள்ளே வைத்தது. பிறகு, கண்ணில் படுவதெல்லாம் தன்னுடையது என்று நம்பி, முழுக் கோப்புறையையும் குப்பையில் போட்டு, குப்பையைக் காலி செய்யத் தொடங்கியது.

"மெஷினைத் தூக்கிட்டு வந்தது நான்" என்றான் தார்தோ. "பத்தேகாலுக்கு ஓட விட்டதும் நான்தான்." மதியத்திலிருந்து ஒரு மனிதரைக் குற்றவாளியாக்கி மனதுக்குள் இரண்டு விதமாக நடத்திப் பார்த்திருக்கிறோம் என்று நினைத்தபோது காது சுட்டது.

டாக்டர் அவனைப் பார்க்கவில்லை. "யார் செஞ்சா என்ன? ஆறு வருஷம் போயிடுச்சு" என்றார்.

"மூணு பதிவு போயிடுச்சு" என்றாள் நெல்டா. "மிச்சம் இருக்குன்னு நினைக்கிறேன். குப்பையைக் காலி பண்ணும்போது புவெந்தே முதல்ல எல்லா ஃபைலையும் மூணாவதா ஒரு அறைக்குத் தள்ளும். அதோட பேர் புள்ளில ஆரம்பிக்கிறதால சாதாரணமாத் தேடினா கண்ணுல படாது. அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்து, முதல்ல சீட்டைக் கிழிக்கும், பிறகுதான் ஃபைலை அழிக்கும். சீட்டு கிழியாத எந்த ஃபைலும் அழியலை. மூணு சீட்டு கிழிஞ்சிருக்கு. நாலாவதுக்குப் போறதுக்குள்ள மெஷின் நின்னுபோச்சு. அதனாலதான் தார்தோவுக்கு முடிவும் வரலை." அவள் வாஷிங்டன் பக்கம் திரும்பினாள். "திங்கட்கிழமை காலைல பத்து இருபதுக்கு அடித்தளத்துல இருந்தீங்களா?"

வாஷிங்டன் கன்னத்தைத் தடவினார். "பல்வலி. வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிக்கலாம்னு கெட்டிலைக் கொண்டு போனேன். பிளக் பாயின்ட்ல ஒரு பெட்டி மாட்டியிருந்துச்சு, உர்ர்னு சத்தம். பேரும் ஒட்டலை, ஒண்ணும் ஒட்டலை. பிடுங்கிட்டுக் கெட்டிலை மாட்டினேன். அந்த வலில திரும்ப மாட்ட மறந்துட்டேன். மதியம் அசாதோவுக்கும் அதான் போகலை, எதைக் கடிக்கிறது?"

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றார் டாக்டர்.

"நீங்க ஒண்ணு இருபதுக்கு எங்க இருந்தேன்னுதான் கேட்டீங்க, டாக்டர். மூணு நாளா அதையேதான் கேட்டீங்க."

நெல்டா சர்வரின் விசைப்பலகையை இழுத்து, புள்ளியில் தொடங்கும் பெயர்களையும் காட்டச் சொல்லி ஒரு கட்டளை அடித்தாள். திரையில் மூன்றாவது அறை வந்தது. திறந்தாள். வரிகள் மேலே ஓடத் தொடங்கின, நின்றபாடில்லை. டாக்டர் எழுந்து வந்து, திரையில் விரலை வைத்து, தேதிகளை வாய்க்குள் படித்தார். ஞாந்துவை விட்டுவிட்டு எண்ணி முடித்தார். இருநூற்று முப்பத்தெட்டு. ஒன்றைத் திறந்து கேட்டார். தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு நீண்ட முனகல் அறையை நிறைத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நீங்க அந்தப் பிளக்கைப் பிடுங்கலைன்னா, இன்னும் ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் மிஞ்சியிருக்காது" என்று நெல்டா வாஷிங்டனிடம் சொன்னாள்.

அவர் அதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. நாற்காலியில் சாய்ந்து, மூன்று நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். டாக்டர் அவர் எதிரில் போய் உட்கார்ந்தார். முதல் வாக்கியம் சரியாக வரவில்லை. இரண்டாவது தடவை தொடங்கி, தான் தவறு செய்ததாகச் சொன்னார். விசாரணையை அப்போதே, அவர் முன்னாலேயே தொலைபேசியில் ரத்து செய்தார். நடந்ததை அலுவலகத்தில் எல்லாருக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று வாஷிங்டன் கேட்டார். டாக்டர் சம்மதித்தார். மன்னித்ததாக வாஷிங்டன் சொல்லவில்லை. போய்ப் பல்லைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். கதவருகே தார்தோ அவரிடம் கையை நீட்டினான். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நெல்டா தான் கொடுப்பதாகச் சொன்ன ஒரு பக்கத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். அதையே புவெந்தேயின் பிழைப் பட்டியலிலும் எல்லாரும் படிக்கும்படி போட்டாள். தவறு யாருடையது என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தாள். தார்தோ அதைப் பிடுங்கித் தன் பெயரையும் சேர்த்தான்.

வெள்ளிக்கிழமை முழுக்க இருவரும் ஒரே ஒரு சோதனையை எழுதினார்கள். எந்தச் சர்வரைத் தொடுவதற்கு முன்னாலும், நீ பொம்மைதானா என்று முதலில் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் எதையும் தொடாமல் நிற்க வேண்டும். சரிபார்க்க தார்தோ தன் பழைய மடிக்கணினியை நிஜ சர்வர் மாதிரி அமைத்து, அதே பெயரை வைத்து, தன் பேருந்து நேர அட்டவணைகளை அதில் போட்டான். பொத்தானை அழுத்திவிட்டு இருவரும் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

திரையில் சிவப்பு எழுத்து வந்தது: தெரியாத சர்வர், நிறுத்தப்பட்டது. தார்தோ அட்டவணைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பதினொரு வருடத்தில் ஒரு சோதனை தோற்றதற்காக அவர்கள் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.